சுவருக்கு இந்தப் பக்கம்

'அந்திக் கூலி'யை நான் பார்த்ததில்லை,
கேட்டிருக்கிறேன்.
பத்தாங் பெர்ஜுந்தைக் கொட்டகையின் தகரச் சுவருக்கு வெளியே
கச்சாங் பூத்தே தட்டோடு
மூன்று நாள், ஆறு ஆட்டம்.
நாலாம் நாள் பெட்டி கிள்ளானுக்குப் போய்விட்டது.
சண்டையே இல்லையாம்.
பாட்டு மட்டும் எட்டாம்.

காதில் விழுந்த கதை இவ்வளவுதான்:
அவன் பஞ்சாலையில் கணக்கு எழுதுகிறான்.
அவள் அங்கேயே நூல் சுற்றுகிறாள்.
அவளுக்கு அரைப்பேர் போடச் சொல்கிறார் முதலாளி.
(அரைப்பேர் என்றால் எங்கள் தோட்டத்தில்
கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.)
போட்டுவிட்டு, அன்று சாயங்காலமே
அவளோடு டூயட் பாடுகிறான், வெட்கங்கெட்டவன்.

என் சிரிப்புக்கு எவ்வளவு பிடித்தம்?
காலணா.
பார்வைக்கு?
அரையணா.
மிச்சம் என்ன, மிச்சம் என்ன,
கணக்கெழுதும் ராசா?

அங்கே தபலா நின்றுவிடும்.
நாலு தட்டு நேரம், வெறும் இடம்.
அந்த இடத்தில்தான் கொட்டகை பதில் சொல்லும்:
"ஒட்டுப்பால் காசு!"
"அரிசிக் கடன் ரெண்டரை வெள்ளி!"
"கிராணி வீட்டுக் கோழி!"
தகரம் அதிரும். என் தட்டில் கடலை குதிக்கும்.

கடைசி ஆட்டத்துக்குக் கிராணியே வந்திருந்தார்,
நாற்காலி வகுப்பு.
தபலா நின்றது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஒரு இருமல்.
பிறகு சின்னப்பாக்கியத்தின் குரல், கத்தாமல்,
விலை கேட்பதுபோல:
"பிள்ளை பெறப் போன என் பதினோரு நாள்?"

கிராணி வெளியே வந்தார்.
ஒரு பொட்டலம் கேட்டார்.
மீதி ஐந்து காசு வாங்காமலே
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், ஏறாமல்.

போன மாதம் படம் கைப்பேசியில் கிடைத்தது.
பார்த்தேன்.
பிடித்தம் பாட்டுக்குப் பூந்தோட்டம், நீரூற்று,
அவளுக்கு ஆறு சேலை!
சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம் அந்த இடம் வந்தது.
அவள் கழுத்தைச் சாய்த்து நிற்கிறாள்,
நாலு தட்டு.
அதில் ஒருவரும் இல்லை.
அவன்கூட வேறெங்கோ பார்க்கிறான்.

எனக்குப் பிரட்டில் பேர் இருந்ததில்லை,
பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.
அதனால் அவளுடையதைச் சொன்னேன்,
பத்தாவது மாடி வீட்டில், வாய்விட்டு:
பதினோரு நாள்.

தாளம் தப்பிவிட்டது.
அதற்குள் அவன் அடுத்த அடிக்குப் போய்விட்டான்.

பின்னால் தள்ளி
மறுபடி வைத்தேன்.