மீதி வாக்கியம்

நியேவெஸ் கின்ட்டனாரின் சலவைக்கூடத்தில்
ஆறு வருஷம் துணி மடித்தவள் நான்.
அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்குக்
கொஞ்சம் உரிமை இருக்கிறது,
கொஞ்சம் கோபமும்.

கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கு.
பாதாம் மரங்களை உலுக்கும் மாதத்தில்
புழுதி எங்கள் ஊருக்குக் கூரை போடும்.
திராட்சைத் தோட்டத்துச் சட்டைகளுக்கென்றே
ஏழாம் எண் மெஷினை ஒதுக்கியிருந்தாள்.
கந்தகமும் மருந்தும் குழந்தைத் துணியில் ஏறக்கூடாது
என்று ஸ்பானிஷில் எழுதி ஒட்டினாள்.
படிக்கத் தெரியாதவர்களுக்குக் கீழே ஒரு படம்:
தொட்டில், அதன்மேல் குறுக்குக் கோடு.

கல்லூரிக்குப் போன கதையை
மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்வாள்.
விண்ணப்பத்தில் பெற்றோர் படிப்பு கேட்ட கட்டத்தில்
அவள் அம்மா தன் கையாலேயே
ஒரு கோடு இழுத்தாளாம்,
திராட்சைக் கொடி படர்த்தும் கம்பி மாதிரி நேராக.
விடியற்காலை ஐந்து பத்துக்கு பஸ்.
பேராசிரியர் கதவில் 'ஆஃபீஸ் ஹவர்ஸ்' என்றிருந்தால்
அவர் வேலையாயிருக்கும் நேரம் போலும்,
தொந்தரவு கூடாது என்று
ஒரு பருவம் முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.
வேதியியலில் தோற்றாள்.
இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

வங்கி கைவிரித்தது.
பன்னிரண்டு பெண்கள் மாதம் முந்நூறு டாலர் போட்ட சீட்டில்
முதல் குலுக்கல் அவள் பெயருக்கு வந்தது.
வந்ததா, வரவைத்தோமா என்று கேட்காதீர்கள்.
மூடிப்போன ஒரு கடையிலிருந்து
ஒன்பது பழைய மெஷின்கள் வந்து இறங்கின.

அப்புறம் தண்ணீர்.
பள்ளிச் சீருடைகள் வெள்ளையாய் உள்ளே போய்
மஞ்சளாய் வெளியே வந்தன.
சோப்பை மாற்றினாள். மூன்று முறை மாற்றினாள்.
கலந்து போட்டது நீதான் என்று என்மேல் பாய்ந்தாள்.
(இதற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.)
ஒரு ராத்திரி ஜாடியில் குழாய்த் தண்ணீர் பிடித்து
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்,
தோற்ற பாடத்தின் புத்தகத்தைத் திறப்பவள் போல.
ஆய்வுக்கூடத்துத் தாளில் இரும்பு, மாங்கனீசு,
கடைசி வரியில் ஆர்சனிக்.

நகரசபையில் குடிமக்களுக்கு மூன்று நிமிடம்.
'இந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள்' என்றபோது
மணி அடித்தது.
நன்றி, அடுத்தவர்.
பதினான்கு மாதம், மாதத்துக்கு இரண்டு செவ்வாய்,
அதே ஜாடி, பாதி வாக்கியம்.

வேட்புமனுவில் தொழில் என்ற இடத்தில்
'நிர்வாக இயக்குநர்' என்று போடச் சொன்னார்கள்.
துணி துவைப்பவள் என்று எழுதினாள்.
முதல் தடவை பதினோரு ஓட்டில் தோற்றாள்.
அந்தப் பதினோரு பேர் யாரென்று எங்களுக்குத் தெரியும்.
அவர்கள் துணியையும் அவள்தான் துவைத்தாள்,
ஒரு பொத்தான் உடையாமல்.
அடுத்த தடவை ஜெயித்தாள்.

இங்கேயே முடிந்தால் நல்ல கதை.

புதுக் கிணற்றுக்கு அனுமதி,
அனுமதிக்கு ஆய்வு, ஆய்வுக்கு நிதி,
நிதிக்கு இன்னொரு அனுமதி.
இரண்டு வருஷம் ஆயிற்று.
என் மகளின் காலர் இன்னும் மஞ்சள்.

போன செவ்வாய்க்கிழமை நானே ஜாடியோடு போனேன்.
மேடையில் அவள்,
அந்தக் கடிகாரம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்.
நான் ஸ்பானிஷில் கொட்டினேன்,
மொழிபெயர்ப்பவர் மூச்சு வாங்கினார்,
மணி அடித்தது.

அவள் அதை அணைக்கவில்லை.
அடித்து ஓயும்வரை என்னையே பார்த்திருந்தாள்.
பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்து
'மீதியைச் சொல், ரெஃபுஹியோ' என்றாள்.

எனக்கு மீதி மறந்துபோயிருந்தது.
ஜாடியை அவள் முன்னால் வைத்தேன்.
மூடி சரியாக இறுகவில்லை.
அவள் காகிதங்களின் மேல்
மஞ்சளாக ஒரு வளையம்.