கல்லும் அரக்கும் கழித்து

மூன்று நாளாய்த் தேய்க்கிறேன், போகவில்லை
அந்த ஊதா மை.
கொள்ளுப்பிட்டியில், ஏசி உறையும் அறையில்,
டொக்டர் விதானகே
தொப்புளைச் சுற்றி ஒன்று,
இடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு
வளையமாய்க் கீறிவிட்டுச் சொன்னார்:
"இரண்டு லீட்டர் வரும்.
கூடினால் இரண்டரை."
பெற்றோல் பங்கீடு போலக் கேட்டது.

செட்டியார் தெருவில் எனக்கு அடகுக்கடை வேலை.
பதினாறு வருஷம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
வருகிற நகையைத் தராசில் வைப்பேன்,
கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு
என்று கழிப்பேன்.
மிச்சத்துக்குத்தான் காசு.
ஆட்கள் சண்டைக்கு வருவார்கள்,
"அவ்வளவு அரக்கா கிடக்கு இதுக்குள்ள?"
கிடக்கும் அக்கா.
போட்டிருக்கிறவருக்குத் தெரியாது.

நான்கு லட்சத்து எண்பதினாயிரம். பட்டிக்குத் தனி.
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
என் பதக்கச் சங்கிலிக்கு நானே வட்டி போட்டுப் பார்த்தேன்.
வேறொருத்தி இதற்கென்று வந்து நின்றால்
வேண்டாம் தங்கச்சி, வீட்டுக்குப் போ என்றிருப்பேன்.

ஒருமுறை காசில்லாமலே குறைந்தது.
காஸ் வரிசை வருஷம்.
வெறும் சிலிண்டரை
முன்னால் நின்றவரின் சிலிண்டரோடு சங்கிலி போட்டுவிட்டு
வெள்ளவத்தையில் விடிய விடிய நின்றோம்.
பிள்ளைக்கு இரண்டு துண்டு பாண், அவருக்கு இரண்டு,
எனக்குப் பசிக்கவில்லை.
பதினொரு கிலோ.
சாரிச் சட்டைகளை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன்.
கல்யாண வீட்டில் சுகிர்தா கையைப் பிடித்துக்கொண்டாள்,
"என்னடி செய்தனீ, சொல்லன்,
இப்பிடி வடிவாயிட்டாய்!"
நடக்கிறன் என்றேன்.
அன்று எடுத்த படம் இன்னும் போனில் இருக்கிறது.
டொக்டரிடம் அதைத்தான் நீட்டினேன்,
இப்படி வேணும் என்று.

அவர் நல்ல மனுஷன். பொய் சொல்லவில்லை.
நிறை குறைக்க இது இல்லை மிஸ், உருவம் மட்டும்தான்.
சாப்பாட்டைக் கவனிக்காவிட்டால் வேறிடத்தில் வரும்.
வேறிடம் என்றால்?
பேனையால் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார்.
ஆறு கிழமை பட்டி இறுக்க வேணும்,
ஏப்ரல் வெக்கையில்.
பாரம் தூக்கக் கூடாது.
எங்கள் மாடிக்கு லிஃப்ட் இல்லை என்பதை
நான் சொல்லவில்லை.

"அல்லாஹ் தந்த உடம்பு, அதுக்கு என்ன குறை?"
என்கிறாள் பக்கத்துக் கவுண்டர் பர்ஸானா.
கேட்க நல்லாயிருக்கிறது.
அவளுக்கு இடுப்பு இருபத்தேழு.
நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில்
என் பக்கத்தில் இருக்கிறவர்
ஒரு காலை நடைபாதையில் நீட்டித்தான் இருப்பார்.
பம்பலப்பிட்டியில் இன்னொரு சீட் காலியானதும்
எழும்பிப் போவார், மெதுவாய்,
நான் கவனிக்காத மாதிரி.
அந்த எழும்புதலை
எந்தத் தராசில் வைக்க?

இன்று மத்தியானம் ஒருத்தி காப்பு கொண்டுவந்தாள்.
வேறு கடையில் முன்பு
அரக்கு முழுக்க உருக்கி எடுத்துவிட்டார்களாம்.
விரல் பட்ட இடமெல்லாம் நெளிவு.
வட்டமாய்க்கூட இல்லை.
தராசில் வைத்தேன்,
கழிக்க ஒன்றும் இல்லை.
முழுக்காசும் கொடுத்தேன்.
எண்ணிக்கொண்டு, காப்பில்லாத கையால்
குடையை விரித்துப் போனாள்.

நாலரைக்குக் கிளினிக்கில் இருந்து போன்.
"டேட் போடவா மிஸ்?"
போயா கழியட்டும் என்றேன்.
எந்தப் போயா என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை.
சாரிக்கு மேலால்
வளையம் இருக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.