நல்லதண்ணி, இரண்டு லிட்டர்

ராமேஸ்வரம் வண்டி காட்பாடி வந்தபோது
விடியலிலேயே வெயில்.
தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்து
ஆட்டோவில் பாலாற்றுப் பாலம் தாண்டினேன்.
கீழே மணல்.
அதற்கும் கீழே ஆறு என்கிறார்கள்.
"மீனா மேடம்?" என்றார் ஓட்டுநர்.
மீன்தான்.
மீன் கழித்துவிட்டுப் போன சளி, செதில்தூள், எச்சம்.
மீன் மட்டும் இல்லை.

முங்கி மொண்டவர் மூக்கையூர் ரோச் மிக்கேல்.
கேன்களின்மேல் அவர் கையெழுத்து, சாய்ந்த நீல மை:
ஒன்றில் உப்புத்தண்ணி
இன்னொன்றில் நல்லதண்ணி.
இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள்.
எனக்குத் தெரியும்.
ஏசி மெக்கானிக் இம்தியாஸுக்குத் தெரியாது.

தொரப்பாடி ஆய்வுக்கூட மொட்டைமாடியில்
மே மாத நண்பகலில்
கம்ப்ரசரோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி இறங்கியவர்
ஃப்ரிட்ஜைத் திறந்தார், படித்தார்,
நியாயமானதைத் தேர்ந்தெடுத்து
வாய்வைத்துக் குடித்தார்.

துப்பிய சத்தம் வராந்தா வரை கேட்டது.

மிச்சத்தை வடிகட்டினேன்.
வடிதாளில் கண்ணுக்கு ஒன்றுமில்லை.
இயந்திரம் ராத்திரியெல்லாம் படித்தது:
ஏ, டீ, ஜி, சி.
நாலெழுத்து படித்தவள் என்று
குடியாத்தத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள்.
இந்த நாலெழுத்துதான்.
கிளிமீனுக்கும் இதுவே, கிளிஞ்சலுக்கும் இதுவே.

வியாழக்கிழமை இம்தியாஸ் போன் செய்தார்.
"ஒண்ணும் ஆவாதில்ல மேடம்?
நான் இன்னாதான் குடிச்சேன்?"

வாசித்தேன்.
கிளிமீன். கிளாத்தி.
யாரும் பெயர் வைக்காத புழு, பதினொரு வகை.
மான்கொம்புப் பவளம், போன வருஷத்தில் பாதி.
மனிதர், ஒருவர்.
"அது நீங்கதான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அப்புறம் வெள்ளாடு" என்றேன்.
"பிரியாணி" என்றார், மெல்ல.

பவளத்துக்குள் பாசி குடியிருக்கும்.
வாடகையைச் சர்க்கரையாகத் தரும்.
கடல் ஒன்றிரண்டு டிகிரி கூடினால் போதும்
பவளம் குடித்தனத்தை வெளியே தள்ளிவிடும்,
வீடு வெளுக்கும்.
ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜுகளில்
வெள்ளையடித்தால் அடுத்த நோயாளி வருகிறார் என்று பொருள்.
அங்கே வெள்ளை என்றால்
யாரும் வரவில்லை.

நல்லதண்ணியில் யாரோ வந்திருக்கிறார்கள்.
வேறு இனப் பாசி, சூடு தாங்குவது,
நூற்றுக்கு நாற்பது.
வாடகை குறைவாகத்தான் கொடுக்கும்.
பவளம் இளைத்து வளரும்.
இதை நல்ல செய்தி என்று அறிக்கையில் எழுதி
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.
இன்னும் அப்படியே கிடக்கிறது, அடிக்காமலும் அனுப்பாமலும்.

"ரெண்டு டிகிரிக்கா மேடம் இப்டி?"
கேட்டுவிட்டு அவரே சொன்னார்:
"ரெண்டு டிகிரின்னா சும்மாவா.
இருவத்துநாலு இருவத்தாறு ஆனா
எனக்கு எத்தினி போன் வருது தெரியுமா."

அடுத்த பெட்டி திங்கட்கிழமை வந்தது.
மிக்கேலின் எழுத்துக்குக் கீழே
ஒரு சீட்டு ஒட்டி வைத்தேன்:
குடிக்காதீர்கள்.
உள்ளே ஆள் இருக்கிறது.