சோதனைச் செய்தி

டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில்
நாங்கள் நாலு பேர்.
பல்லடத்துக் காற்றில் பஞ்சு பறக்கும்,
கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் உதிரும்.
ஆறு வருடமாகத் தறிக்கணக்கு மென்பொருள் விற்கிறோம்:
எத்தனை பாவு, எத்தனை பீஸ்,
மீட்டருக்குக் கூலி எவ்வளவு.

'அதுலயே பேசிக்கிறாப்பல ஒண்ணு வெச்சுக் குடுங்க' என்றார்
காரணம்பேட்டை சைசிங் மில் தெய்வசிகாமணி.
வாட்ஸப் இருக்கிறதே என்றேன்.
'அதுல மச்சினன் இருக்கறானுங்க,
கட்சிக்காரன் இருக்கறான்,
காலை வணக்கத்துக்கு ரோசாப்பூ முந்நூறு.
அதுக்கு நடுவுல பாவு எங்க போச்சுன்னு தேடறதுக்குள்ள
தறி நின்னு போவுது.'

அப்படித் தொடங்கியது.

முதல் மாதம் வரிசை தப்பியது.
கரண்ட் போனால் மோடம் போகும்,
திரும்பி வரும்போது
பின்னால் கிளம்பியது முன்னால் வந்து நிற்கும்.
'வேண்டாம்' முதலில் வந்தது,
'லாரியை அனுப்பட்டுங்களா' பிறகு.
அதற்குள் லாரி சோமனூர் தாண்டிவிட்டது.
யார் கடிகாரத்தை நம்புவதென்று
இரண்டு நாள் சண்டை.
தெய்வசிகாமணியின் போன் பதினோரு நிமிடம் முந்தி ஓடும்,
வட்டிக்காரனுக்கு முன்னாடி எந்திரிக்கோணுமுங்க என்பார்.
கடைசியில்
சர்வர் சொல்வதே நேரம் என்றானது.

படித்துவிட்டால் நீல டிக் வைத்தேன்.
எடுக்கச் சொல்லிப் பதினாலு போன்.
'படிச்சது தெரிஞ்சா பதில் சொல்லோணுமே.'
எடுத்தேன்.
நூல் வியாபாரிகள் வைக்கச் சொன்னார்கள்.
வைத்தேன்.
இப்போது வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம்.
எல்லோரும் அணைத்திருக்கிறார்கள்,
அடுத்தவர் அணைத்ததைத் திட்டிக்கொண்டே.

'எழுதுகிறார்' என்று மூன்று புள்ளி துடிக்கும்.
சிலர் அரைமணி நேரம் எழுதுவார்கள்.
வந்து விழுவது:
'சரிங்.'

அன்றைக்கு இரவு சௌடேஸ்வரி
சோதனைக்கென்று ஒரு செய்தி அடித்தாள்.
'ஹலோ' அவளுக்கு அலுத்திருந்தது, அதனால்
'சாப்டீங்களா'.
எங்கள் நாலு போனுக்குத்தான் போயிருக்க வேண்டும்.
சோதனைப் பட்டியல் என்று நான் கொடுத்தது
நிஜப் பட்டியல்.
நூற்றி எண்பத்தாறு பேருக்கு,
இரவு ஒன்றே முக்காலுக்கு,
கம்பெனி பெயரில்,
சாப்டீங்களா.

அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதி
அடுத்த மாதத் திட்டத்தில் இருந்தது.

நைட் ஷிப்ட் ஓடுகிற ஊர்.
'ஆச்சுங்க.'
'ரவை உப்புமாங்க. நீங்க?'
'கரண்ட் இல்லீங்க, இனித்தான்.'
'யாருங்க இது?'
நடுவில் ஒருவர்:
'புரியுதுங்க. பாக்கி எட்டாயிரத்தைத் திங்கக்கெழமை போட்டுடறனுங்க.'
அவருக்குப் பின்னால் இன்னொருவர்.
விடிவதற்குள் ஏழு பேர்.

எங்கள் பக்கம் கடனை யாரும்
எடுத்த எடுப்பில் கேட்பதில்லை.
சாப்பாட்டில் தொடங்கி, மழைக்குள் நுழைந்து,
மூன்றாவது வாக்கியத்தில்தான் வந்து நிற்பார்கள்.
அந்த மூன்றாவதை அவர்களே படித்துக்கொண்டார்கள்.
மாசாமாசம் அனுப்பிப்போடலாமா என்றார்
முதலாளி கொழந்தவேல்,
சிரிக்காமல்.

ஒன்று மட்டும் மீந்தது.
வேலம்பாளையம், எட்டுத் தறி, பெயர் ராஜாமணி.
'இல்லீங்க. ரெண்டு நாளா எறங்கலீங்க.'

ராஜாமணி ஆணா பெண்ணா தெரியவில்லை,
படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் வைக்கவில்லை.
கணக்கைத் திறந்தேன்.
பதினெட்டு நாளாகப் பாவு பூஜ்யம்,
பீஸ் பூஜ்யம்.
என்னாச்சுங்க என்று அடித்தேன். அழித்தேன்.
கணக்கு எழுதித் தந்தவன் கேட்கிற கேள்வியா.
மன்னிக்கவும், தவறுதலாக வந்த செய்தி என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
சௌடேஸ்வரி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
மணி இரண்டு இருபது.
மடிக்கணினியை மூடினேன்.

காலையில் திறந்தபோது வந்து கிடந்தது:
'ராத்திரி என்னமோ எழுதிட்டே இருந்தீங்களே,
நானும் பாத்துட்டே இருந்தனுங்க.
அனுப்புங்க.'