இறக்கம்

மொலெஃபி தங்கச் சுரங்கத்துக்குப் போனபோது
வண்டிச் சாவியைத் தடுப்பூசிப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.
இந்த லெசோத்தோ மலையில் வேறு டிரைவர் கிடையாது.
நானும் திகெலெடியும்தான்:
இரண்டு நர்ஸ்கள், ஒரு லேண்ட் க்ரூசர்,
எண்கள் தேய்ந்து வழுக்கையான கியர்க் குமிழ்.

முதல் வாரம் முழுக்க
கிளினிக் வாசலிலேயே தும்மித் தும்மி அணைந்தது.
ஆடு மேய்க்கும் பையன்கள் கம்பளிக்குள் சிரித்தார்கள்.
தூங்கும் பிள்ளையைக் கீழே கிடத்துவதுபோல்
கிளட்சை விடணும் என்றாள் திகெலெடி.
அவளுக்குப் பிள்ளை இல்லை.
எனக்கு மூன்று. மூன்றும் விழித்துக்கொள்ளும்.

இன்று மழை விட்டதும் ஆறுவரை இறங்கவேண்டும்.
முன்சக்கரப் பூட்டுகளைத் திருகினேன்,
இரும்பு குளிர்ந்து விரலைக் கடித்தது.
சின்ன லிவர். முதல் கியர்.
கண்ணாடி நிறைய வானம், வேறொன்றும் இல்லை.
பிறகு மூக்கு கவிழ்ந்தது:
கீழே, வெகு கீழே, ஒரு தகரக் கூரை.

கால் தானாக பிரேக்கைத் தேடியது.
"தொடாதே. கிளட்சையும் தொடாதே."
பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் புருஷன்மாதிரி
இரண்டு காலும் வேலையற்றுக் கிடக்க
எஞ்சின் முனகிக்கொண்டே பிடித்து நிறுத்தியது எங்களை.
பின்பக்கம் ஒருமுறை விலகி,
யோசித்து,
திரும்பி வந்தது.

கழுதையோடு நடந்துபோனவர் எங்களை முந்தினார்.
தொப்பியைத் தூக்கி வணக்கமும் சொன்னார்.

ஆற்றங்கரையில்தான் மூச்சு விட்டேன்.
திகெலெடி என்றால் கண்ணீர்த்துளிகள்.
சிரித்துச் சிரித்து அவளுக்கு அதுவே வந்தது.
துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்,
சாயங்காலம் ஏறவேண்டிய மேட்டை.

"உன் முறை" என்றேன்.