போகும் இடம்

எங்கிருந்து வர்றீங்க என்று நான் கேட்பது
ஊர்ப் பெயருக்காக இல்லை.
ஊர்ப் பெயர் பர்மிட்டில் இருக்கிறது,
பாதி நம்பர் பிளேட்டில்,
மீதி டயரில் ஒட்டிய மண்ணில்.

கண்ணாடியை இறக்கச் சொல்வது மூச்சை முகர.
உள்விளக்கைப் போடச் சொல்வது
கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்க.
என்ன லோடு என்றதும்
கை ஸ்டியரிங்கை விட்டு எங்கே போகிறது?
சட்டைப்பைக்குப் போனால் ஒரு கதை,
சீட்டுக்கடியில் போனால் வேறு கதை,
மூக்கைத் தேய்த்தால்
அது வெறும் ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

புளியரையில் எனக்கு இது நான்காவது சாரல்.
ஆரியங்காவுப் பக்கமிருந்து இறங்கும் மழை
எங்கள் தகர ஷெட்டைத் தட்டிவிட்டு
நிற்காமல் செங்கோட்டைக்குப் போய்விடும்.
மலை ஏறுபவை வைக்கோல், முட்டை, எம் சாண்ட்,
சிமெண்டு மூட்டைக்குள் சில சமயம் ரேஷன் அரிசி.
இறங்குபவை பலாப்பழம், ரப்பர் ஷீட்.
ஒருமுறை பிளைவுட்டுக்கு அடியில்
ஏதோ ஆஸ்பத்திரியின் ஊசிகள், ரத்தம் காய்ந்த பஞ்சு.
அந்த டிரைவர் எல்லாவற்றுக்கும்
டக் டக்கென்று பதில் சொன்னான்,
பெயர், ஊர், முதலாளி, முதலாளியின் போன் நம்பர்.
நாற்றம் மட்டும் மனப்பாடம் செய்யாமல் வந்திருந்தது.

பயிற்சியில் சொன்னார்கள்:
கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு,
பொய் அங்கேதான் சட்டை மாற்றும்.
நோட்டில் எழுதிக் கோடும் போட்டிருந்தேன்.
இங்கே வந்தால் எல்லோருக்கும் அந்த இடைவெளி.
புனலூர் ஷிஹாபுதீன் என் தமிழை
மலையாளத்துக்கு எடுத்துப்போய்
பதிலைத் தேடி
மறுபடி தமிழில் கொண்டுவந்து வைப்பதற்குள்
ஒரு குற்றவாளிக்கு வேண்டிய நேரம் ஆகிவிடுகிறது.
வண்டியில் இருந்ததோ அன்னாசிப்பழம்.
முதல் மாதம் முழுக்க
யோக்கியர்களின் தார்ப்பாயையே அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
இப்போது 'ஊணு கழிச்சோ' என்று ஆரம்பிக்கிறேன்.
அதற்கும் சிலர் யோசிக்கிறார்கள்.

ஆடியில் ஒரு புதன், ராத்திரி இரண்டேகால்.
வெள்ளை ஆல்ட்டோ. தனி ஆள். பெயர் குத்தாலிங்கம்,
வாசுதேவநல்லூர்.
லைசன்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ்
பிளாஸ்டிக் உறையில் வரிசையாய்.
சாரம் கட்டியிருந்தார், காலில் செருப்பில்லை.
பக்கத்து சீட்டில் இரண்டு பால் பாக்கெட்,
காலையில் வாங்கியவை, புளித்து உப்பியிருந்தன.
எங்கே போறீங்க?

வைப்பர் ஆறு முறை போய்வந்தது. எண்ணினேன்.

'தெரியலம்மா.'

ஒன்பது வருஷத்தில்
இவ்வளவு நேரம் எடுத்து உண்மை சொன்ன ஆளை
நான் பார்த்ததில்லை.
பதிவேட்டில் கட்டம் இருக்கிறது, போகும் இடம்.
காலியாக விட்டால் எஸ்ஐ கேட்பார்.
மடக்கிக் கேட்கத் தெரியும் எனக்கு.
வீட்ல சண்டையா, கடனா, சொல்லிட்டு வந்தீங்களா?
மூன்றுக்கும் ஒரே தலையாட்டல்,
எது ஆமாம் எது இல்லை என்று பிரியவில்லை.
மேலே எஸ் வளைவில் ரோடு வழுக்கும் நேரம்.
சாவியை வாங்கிக்கொண்டு
இசக்கியப்பனை டீக்கு அனுப்பினேன்.

நாலரை வரைக்கும் பெஞ்சில் இருந்தார்,
நாங்கள் லாரிகளைக் கேட்பதைக் கேட்டுக்கொண்டு.
எங்கிருந்து. எங்கே. என்ன லோடு.
ஒரு முட்டை வண்டி போன பிறகு அவராகவே,
'வாசுதேவநல்லூர்னு போட்டுக்கோங்க.'
பால் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார்,
வண்டியைத் திருப்பினார்.
போய்ச் சேர்ந்தாரா தெரியாது,
அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

எட்டு மணிக்கு டூட்டி முடிந்து
ஸ்கூட்டியில் பிரானூர் தாண்டும்போது
புதிதாக வந்த பையன்,
மழைக்கோட்டில் என்னை அடையாளம் தெரியாமல்
கை காட்டி ஓரங்கட்டினான்.
எங்கம்மா போறீங்க?
சட்டென்று சொல்லியிருக்கலாம்.
ஸ்கூட்டிக்கு வைப்பர் இல்லை,
எவ்வளவு நேரம் என்று எண்ண முடியவில்லை.