ஏழு நிமிடம்

முதலில் எஞ்சினைக் கழற்றினோம்.
சங்கிலியில் தொங்கியபடி
அரைநாள் எண்ணெய் சொட்டியது அது,
என் கேக் தட்டில்.
கேட்காமல் எடுத்திருந்தான் சிக்வார்டு.

அறுபத்தேழாம் வருடத்து வால்வோ, இரண்டு கதவு.
அதன் வீரமெல்லாம் ஜூலையில்தான்.
ஜனவரி வந்தால் மர ஆலை மேட்டில்
பின்சக்கரம் மட்டும் சுற்றி, இடுப்பை ஒடித்து,
சண்டிமாடு போல் குறுக்கே நின்றுவிடும்.
அடிவாரத்திலேயே விட்டுவிட்டு
மிச்சத்தை நடந்தே வருவான்,
பூட்ஸில் பனியும் வாயில் அதற்கு வக்காலத்துமாக.

"நாலு சக்கரமும் இழுக்கணும்" என்றேன் ஒருநாள்.
நீர்மின் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம்;
நானூறு வோல்ட் எனக்கு வீட்டு நாய்.
அவனுக்கு அது ஓநாய்.

மோட்டார் இரண்டும் சுந்த்ஸ்வாலில்
உடைசல் வியாபாரி கேட்டிலிடம் வாங்கியவை.
ஒன்று, எல்க் மானில் மோதிச் செத்த தபால் வண்டியுடையது;
பிடிப்பில் இன்னும் மயிர் ஒட்டியிருந்தது.
மற்றது எதில் இருந்தது என்று அவர் சொல்லவில்லை,
நாங்களும் துருவவில்லை.
நீள்தண்டு சுழன்ற சுரங்கத்தின் வழியே
ஆரஞ்சு வடம் போயிற்று.

முதல் ஓட்டத்தில்
குறுகிய மாடிப்படியில் சோபா இறக்கும் இருவர்போல
ஒன்று இழுக்க, மற்றது தாமதித்துத் தள்ள,
கார் தன்னையே இடித்துக்கொண்டது.
பதினொரு இரவு உட்கார்ந்து எழுதினேன்,
யாருக்கு எவ்வளவு, எந்த நொடியில் என்று.
நொடி என்பது பெரிய சொல். அதில் நூறில் ஒரு பங்கு.
பங்கீட்டைத் திருத்த ஒரு திருகு வேண்டியிருந்தது.
சாம்பல் கிண்ணத்தைக் கழற்றி அங்கே வைத்தேன்.
"நமக்கெதுக்கு அது" என்றான் சிக்வார்டு,
என் முகத்தைப் பார்க்காமல்.

பிப்ரவரியில் மர ஆலை மேட்டில் ஏறினோம்.
ஏறினோம் என்றுகூடச் சொல்லக்கூடாது,
மேடு கீழே போயிற்று.
எஞ்சின் இத்தனை வருடம் மூடிவைத்திருந்த சத்தங்கள்
ஒவ்வொன்றாக வெளியே வந்தன:
கடிகாரத்தின் டிக், இருக்கைத் தோலின் முனகல்,
டயருக்கடியில் பனி பல்லைக் கடிப்பது,
கதவுக்குள் உருளும் ஏதோ ஒன்று.
பிரித்துப் பார்த்தால் இருபத்தைந்து ஓரே நாணயம்,
இப்போது எந்தக் கடையும் வாங்காதது.

எனக்கு உறைக்கவேயில்லை,
செவ்வாய்க்கிழமை வரை.

ஏரி உறைந்துவிட்டால் ஒலி தட்டையாக, நேராக வரும்.
அக்கரைத் தேவாலய வளைவில் அவன் திரும்பும்போதே
விறகடுக்கின் பின்னால் நிற்கும் எனக்குக் கேட்டுவிடும்.
அங்கிருந்து ஏழு நிமிடம்.
(அடிவாரத்தில் நிறுத்தும் மாதங்களில் பதினெட்டு.
ஜனவரியை நான் அவ்வளவாக வெறுத்ததில்லை.)
கடைசி நாலு இழுப்பு, கை கழுவல், அதிமதுர மிட்டாய்.
நான் விட்டுப் பன்னிரண்டு வருடம் என்று
தன் தங்கையிடம் அவன் பெருமையடித்த சிகரெட்.

செவ்வாய்க்கிழமை
வெளிச்சம் மட்டும் வந்தது.
கொட்டகைச் சுவரில் என் நிழல்,
அதன் வாயிலிருந்து புகையின் நிழல்.
என் கையால் இறுக்கிய மோட்டார்கள்,
என் கையால் எழுதிய பங்கீடு,
இரண்டும் ஒற்றுமையாக
ஒரு மூச்சு விடாமல் என்னைக் காட்டிக்கொடுத்தன.

கண்ணாடி இறங்கியது.
"முன்பக்கம் கொஞ்சம் கூடுதலா இழுக்குது, குன்வோர்."
பிறகு,
"இனிமே தேவாலய வளைவுல ஹார்ன் அடிக்கட்டுமா?"

அந்த வளைவில் பழைய எஞ்சின்
இரண்டு முறை உறுமும், எப்போதும்.
கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்திருந்தேன்.
மூன்று தடவை பிரித்துத் துடைத்துமிருக்கிறேன்.

சிகரெட்டில் பாதி மிச்சம் இருந்தது.
அதோடேயே ஏறி உட்கார்ந்தேன்.
சாம்பல் தட்ட இடமில்லை.
திருகைத் தொட்டு முன்னுக்குக் குறைத்தேன்.
"இப்ப?"
"இன்னும் கொஞ்சம்."